மகஜரில் விட்ட இடம்

உங்கள் பயிற்சி அலுவலர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். "புதுசா சேர்ந்த பசங்க, பொண்ணுங்க இருக்காங்க சார், உற்சாகமா இருக்குற மாதிரி நாலு சம்பவம் சொல்லுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருட வேலையில் அப்படி நாலு தேறவில்லை. பேச வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதைப் படித்து உற்சாகம் வராவிட்டால் என்னைத் திட்டாதீர்கள். அவரையும் திட்டாதீர்கள், அவர் நல்ல மனிதர்.

கரடி துரத்தியது, சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தது, இதெல்லாம் ஓய்வுபெற்ற எந்த ஃபாரஸ்ட் கார்டைக் கேட்டாலும் சொல்வார். அதில் பாதி பொய்யாக இருக்கும். நான் சொல்லப்போவது ஒரு காகிதத்தைப் பற்றி. அதில் ஒரு வரியின் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டேன். ஒரு குடும்பம் அந்த இடத்தில் விழுந்து போயிற்று.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். செங்கம் சாலையை ஒட்டிய காப்புக்காட்டில் ஒரு துண்டு, நாங்கள் பீட் என்போம், என் பொறுப்பில் இருந்தது. புள்ளிமான், முயல், உடும்பு, மயில். நான் ஜைனக் குடும்பத்தில் பிறந்தவன். பக்கத்து கிராமம்தான், தலைமுறை தலைமுறையாக நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம், ஒரு பூச்சி செத்தாலும் அப்பா முகம் வாடிவிடும். எனக்குக் காட்டு இலாகாவில் வேலை கிடைத்தபோது, "உயிரக் காக்குற வேலை, எல்லாருக்கும் கெடைக்காது" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு போனேன்.

போன இடத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு வனவர். காட்டை உள்ளங்கை மாதிரி அறிந்தவர், கெட்டவரும் இல்லை. அவர் முதல் மாதமே கற்றுக்கொடுத்தது மகஜர் எழுதும் முறை. குற்றம் நடந்த இடத்திலேயே உட்கார்ந்து, என்ன கண்டோம், எதைக் கைப்பற்றினோம், யாரைப் பிடித்தோம் என்று சாட்சிகளை வைத்து எழுதுகிற காகிதம் அது. எங்கள் சரகத்தில் அதை எப்படி எழுதுவோம் தெரியுமா? எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பிடிபட்டவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவிடுவோம். பிறகு ஊருக்குள் போவோம். ஊர் ஒரு ஆளைக் கொடுக்கும். அந்தப் பெயரை இடத்தில் எழுதுவோம். "கொஞ்சம் தாராளமாவே உடு, நீளப் பேரா வந்தா நுணுக்கி எழுதினா நல்லா இருக்காது" என்பார் வனவர். நான் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

விறகு வெட்டினது யாரோ, சந்தன மரத்தைச் சீவினது யாரோ. உண்மையானவனைப் பிடிக்கப் போனால் ஊரே எதிர்த்து நிற்கும், மறுநாள் காட்டுக்குள் போகவே முடியாது. மாதம் முடிந்தால் சரக அலுவலகத்தில் கேஸ் எங்கே என்று கேட்பார்கள். அதனால் ஊரும் நாங்களும் சேர்ந்து கண்டுபிடித்த வழி அது. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று பேர் இப்படிக் கேஸுக்கு உட்காருவதற்கென்றே இருந்தார்கள். நிலம் இல்லாதவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். அலுவலகத்திலேயே அபராதத்தை ஊர் கட்டும், அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும், சாயங்காலம் ஆள் வீடு திரும்பிவிடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்தோம்.

என் பீட்டில் அப்படி உட்காருகிறவர் ஏழுமலை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை 'வாடா, போடா' என்றுதான் பேசினேன், அவர் என்னை 'சார்' என்றார். இன்று 'அவர்' என்று எழுதுவதால் அது சரியாகிவிடாது. மூன்று முறை விறகு கேஸில் உட்கார்ந்திருந்தார். நாலாவதுதான் மயில்.

கார்த்திகைத் தீபத்தன்று இலாகா ஆட்கள் அத்தனை பேரையும் மலைக்குப் போடுவார்கள். காய்ந்த புல்லில் யாராவது நெருப்பு வைத்துவிடக் கூடாது, கூட்டம் கண்ட பக்கம் ஏறிவிடக் கூடாது. காட்டில் ஒரு ஈ காக்கை காவல் இருக்காது. இது எங்களுக்குத் தெரிந்த மாதிரியே துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கும் தெரியும். அந்த வருடம் நான் கிரிவலப் பாதையில், மலையடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் பக்கம் நின்றேன். காலையிலிருந்து மறுநாள் விடிகிற வரை நின்றதில் கால் மரத்துப்போயிற்று.

மறுநாள் காலை ஜட்கா வண்டியில் ஒரு வெள்ளைக்கார அம்மா சரக அலுவலகத்துக்கு வந்து இறங்கினார். ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். கையில் ஒரு சால்வை, அதற்குள் மயில். இறக்கை ஒடிந்து தொங்கியது. சாலையோரம் நடந்து வந்துகொண்டிருந்ததாம். அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார், எங்களுக்கு அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. ரேஞ்சர் என்னைப் பார்த்து, "உன் பீட்டுதானே, போய்ப் பாரு" என்றார். போனேன். ஓடைக் கரையில் மூன்று இடத்தில் இறகுக் குவியல். அந்த மாதத்தில் தோகை உதிர்ந்திருக்கும், அதனால் தோகைக்காக அடித்ததில்லை, கறிக்காக அடித்தது. குவியலுக்குள் ஒரு தலை கிடந்தது, கொண்டை கூடக் கலையாமல். யாரையாவது உள்ளே தள்ளியே தீருவது என்று அங்கேயே முடிவு பண்ணினேன். இந்த 'யாரையாவது' என்ற வார்த்தையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

யார் என்று எனக்குத் தெரியும். ஓடையை ஒட்டியிருந்தது ஏழுமலையின் ஊர். அந்த ஊரில் இருந்தது ஒரே துப்பாக்கி. கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி ஊர் நாட்டாண்மைக்காரர் வைத்திருந்தது. அவர் மகன் அதைத் தூக்கிக்கொண்டு திரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மதியத்துக்குள் சால்வைக்குள் இருந்த மயில் செத்துவிட்டது. அந்த அம்மா மேலிடத்துக்கெல்லாம் தந்தி அடித்தார். அடுத்த நாள் வேலூர் மேலதிகாரியிடமிருந்து ரேஞ்சருக்குப் போன் வந்தது. மூன்று நாளில் ஆள் வேண்டும், அலுவலகத்தில் அபராதம் போட்டு முடிக்கக் கூடாது, கோர்ட்டில் நிறுத்த வேண்டும். ரேஞ்சர் வனவரைப் பிடித்தார், வனவர் என்னைப் பிடித்தார். நான் ஓடைக் கரையில் உட்கார்ந்து மகஜர் எழுதினேன். இறகு இத்தனை, தலை ஒன்று, தீபத்தன்று மாலை இன்ன நேரத்தில் சுட்டது. பெயருக்கு இடம் விட்டேன்.

ஊர் நாட்டாண்மைக்காரர் எங்களுக்கு மோர் கொடுத்தார். மறைக்கவும் இல்லை.

"பையன், வெளியூர்லேந்து சினேகிதன் வந்துட்டான்னு அடிச்சிட்டாங்க. வயசுப் பையன், நாளைக்குக் கல்யாணம் பண்ணணும். ஏழுமலைய இட்டுனு போங்க. அவன் குடும்பத்த நான் பாத்துக்கறேன்."

வனவர் என்னைப் பார்த்தார். நான் அந்தத் தலையையும் கொண்டையையும் நினைத்துக்கொண்டு, முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு போயிருந்தது. தலையாட்டினேன்.

மறுநாள் காலை ஏழுமலை ஒரு தூக்குச் சட்டியோடு சரக அலுவலகத்துக்கு வந்தார். கேஸுக்கு உட்காரப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு என்று அவர் மனைவி எப்போதும் கொடுத்தனுப்புவது.

"வெறகா சார்?"

"மயில்."

"மயிலா? முருகன் கோவிச்சுக்கப் போறாரு சார்."

"பேருக்குத்தான்."

"பேருக்குத்தானா, சரி" என்று காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். நான் விட்டிருந்த இடத்தில் ஏழுமலை என்ற பெயரும் அவர் அப்பா பெயரும் சரியாகப் பொருந்தின. நுணுக்கி எழுத வேண்டியிருக்கவில்லை.

கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன், கேஸ் கட்டு எழுதிக்கொண்டிருந்த அலுவலக எழுத்தர் என்னைக் கூப்பிட்டார். புதிய வனவிலங்குச் சட்டம் வந்து சில வருடம் ஆகியிருந்தது. அந்தப் புத்தகம் இங்கிலீஷில், பீரோவுக்குள் இருந்தது. நாங்கள் பழைய விறகுக் கேஸ் பழக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். மானைவிட மயில் சின்னது, பறவைதானே, அபராதம் கூடக் கம்மியாக இருக்கும் என்றுதான் நான் மனதில் கணக்குப் போட்டிருந்தேன்.

"இது மொத அட்டவணையில இருக்குய்யா" என்றார் எழுத்தர். "புலி இருக்குற அட்டவணை. ஒத்துக்கினா ஆறு மாசத்துக்குக் கம்மியா குடுக்க மாஜிஸ்திரேட்டுக்கே அதிகாரம் இல்ல."

நான் வனவரிடம் ஓடினேன். அவர் முகமும் வெளுத்துத்தான் போயிற்று. "இப்ப ஆள மாத்தினா மகஜரு பொய்யின்னு ஆயிடும். எழுதினது நீ. கையெழுத்து உன்னுது. யோசிச்சுக்க" என்றார். மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் யோசித்தேன். வேலை போகும், பொய் ஆவணம் எழுதியதற்கு நானே உள்ளே போக வேண்டிவரும், அப்பா தெருவில் தலைகாட்ட முடியாது. கோர்ட் வாசல் வரை இதையே யோசித்துக்கொண்டு போனேன். ஏழுமலையின் ஆறு மாதம் அந்த யோசனையில் ஒரு ஓரமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கோர்ட் வளாகத்தில் ஒரு புங்க மரம். அதன் கீழே அவர் குந்தியிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். 'நான் செய்யலைன்னு சொல்லிடு' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் போனேன்.

"சார், மூணு மணி பஸ்ஸுக்குப் போயிடலாமா? பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குது, சீக்கிரம் வந்துடுன்னு ஊட்ல சொல்லிச்சு."

"பார்க்கலாம்" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் பேசியதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். நீங்களும் பேசுவீர்கள். மேலதிகாரி கேட்டால், ஊர்க்காரன் கேட்டால், 'பார்க்கலாம்' என்று சொல்வது நமக்குக் கைவந்த கலை. சொல்லும்போதெல்லாம் எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்று ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே அவரிடம் கேட்டார்கள். வழக்கம்போல, கேள்வி முடிவதற்குள்ளேயே, "ஆமாங்க சாமி, நான்தாங்க" என்றார். மாஜிஸ்திரேட் இரண்டாவது முறை நிதானமாகக் கேட்டார். எப்படிச் சுட்டாய், துப்பாக்கி யாருடையது என்று கேட்டார். ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். துப்பாக்கி என்ற பேச்சு அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். "எல்லாம் நான்தாங்க சாமி" என்று முடித்துக்கொண்டார். ஆறு மாதம். போலீஸ்காரர் தோளைத் தொட்டபோது அவர் பயப்படவில்லை. ஏதோ கைநாட்டு பாக்கி இருக்கிறது என்று நினைத்து என்னை நோக்கி வந்தார். போலீஸ்காரர் இந்தப் பக்கம் என்று திருப்பினார். "சார், பஸ்ஸு" என்றார் என்னிடம். தூக்குச் சட்டி மரத்தடியில் இருந்தது.

மூன்று மணி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் போனேன். சட்டி திறக்கப்படவே இல்லை, கனமாக இருந்தது. அவர் மனைவி காசியம்மா வீட்டு வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். என்னையும் சட்டியையும் பார்த்தாள். சொன்னேன். அவள் கத்தவில்லை.

"என்னிக்கி சார் மயில அடிச்சாங்கன்னு எழுதிக்கீறீங்க?"

"தீபத்தன்னிக்கு."

"அன்னிக்கு நாங்க மூணு பேரும் மலை சுத்தப் போனோமே சார். தண்ணிப் பந்தலாண்ட நீங்கதானே நின்னுகினு இருந்தீங்க. பாப்பாவுக்கு அவரு தண்ணி கேட்டாரு. நீங்கதானே மொண்டு குடுத்தீங்க."

கொடுத்தேன். அவள் சொன்ன அந்த நொடி எல்லாம் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் தோளில் குழந்தையோடு அவர், 'சார், இங்கியா டூட்டி' என்று கேட்டது, நான் சொம்பை நீட்டியது. அவர் நிரபராதி என்பதற்கு உலகத்திலேயே நல்ல சாட்சி நான்தான். அந்தச் சாட்சிதான் மகஜர் எழுதினான். அந்தப் பெயரை எழுதும்போது பந்தலில் பார்த்த முகம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. இடத்தை நிரப்பினேன், அவ்வளவுதான். நான் இதை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. எனக்கே இன்னும் விளங்காததால் எழுதுகிறேன்.

அன்று வீடு திரும்பி, நடந்தது அத்தனையும் ஒரு வெள்ளைத் தாளில் மனுவாக எழுதினேன். கோர்ட்டுக்கு ஒன்று, வேலூருக்கு ஒன்று. இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மறுநாளும் போனேன். வியர்வையில் மடிப்புகள் நைந்து, எழுத்து ஊறிப்போகும்வரை பையிலேயே இருந்தன. அதற்குள் வேலூரிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. மயில் வேட்டையில் துரிதமாகச் செயல்பட்டுத் தண்டனை பெற்றுத் தந்ததற்காக. அப்பா அதை எங்கள் ஊர்க் கோயிலில் எல்லோரிடமும் காட்டினார். "உயிரக் கொன்னவனுக்கு எம் மவன் தண்டன வாங்கிக் குடுத்தான்" என்றார். அவர் இறக்கும்வரை நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. உயிரைக் காக்கிற வேலை என்று நம்பியே போய்ச் சேர்ந்தார்.

ஊர் நாட்டாண்மைக்காரர் சொன்னபடி இரண்டு மாதம் காசியம்மாவுக்கு அரிசி அளந்தார். மூன்றாவது மாதம் மகன் கல்யாணச் செலவு வந்தது, நிறுத்திவிட்டார். நான் சம்பளத்தில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். நியாயம்தான். அடுத்த முறை போனபோது கதவில் பூட்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள், சென்னைப் பக்கம் என்றார்கள். எந்தச் சூளை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏழுமலை விடுதலையாகி ஊருக்குப் போய், பூட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, நேராகச் சரக அலுவலகத்துக்கு என்னிடம் வந்தார். திட்டுவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவர் வராந்தாவில் தரையில் உட்கார்ந்தார். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது.

"எந்தச் சூளைன்னு ஆபீஸ்ல தெரியுமா சார்?"

"தெரியலீங்க" என்றேன். அன்றுதான் முதன்முதலாக அவரிடம் மரியாதையாகப் பேசினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

மேஜைமேல் நான் எழுதிய ஒரு மகஜர் இருந்தது, உடும்பு கேஸ். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எட்டிப் பார்த்து, வரி நடுவே வெள்ளையாகக் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எம் பேரயே எழுதிக்குங்க சார். செயிலுக்குப் போனவன்னு ஊர்ல வேலைக்குக் கூப்புட மாட்டாங்க. உள்ளாரன்னா ரெண்டு வேள சோறு போடறாங்க. சூளை எதுன்னு தெரியற வரைக்கும் இருந்துட்டு வரேன்."

அந்த மகஜரைக் கிழித்தேன். எழுத மாட்டேன் என்றேன். ஏதாவது வேலை பார்த்துத் தருகிறேன், சூளை சூளையாகப் போய்த் தேடுவோம் என்றும் சொன்னேன். உண்மையாகவே செய்வதாகத்தான் இருந்தேன். அவர் கிழிந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சோற்றுப் பொட்டலத்தைக் கிழித்துப் போட்டதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் அலுவலகம் பூட்டுகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு நான் ஒரு மகஜரிலும் இடம் விட்டதில்லை. அதனால் காடு பிழைத்தது என்று சொல்லமாட்டேன். என் கேஸ் எண்ணிக்கை படுத்துவிட்டது, ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள், என் இடத்துக்கு வந்தவர் பழையபடி எழுதினார். அந்தத் துப்பாக்கி கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தது. இறகை மட்டும் குழி தோண்டிப் புதைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். பெயரை எழுதுவதற்கு முன் அந்த ஆளைப் பார்த்து, 'எப்படிச் செய்தே' என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாஜிஸ்திரேட் கேட்ட அதே கேள்வி. நாங்கள் அதைக் கேட்காததற்குக் காரணம் மறதி இல்லை. பதில் என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

மாற்றல் உத்தரவு வாங்கப் போன அன்று, சரக அலுவலகத்தில் அந்த மாதத்துக் கேஸ் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. ஏழுமலை, தந்தை பெயர், ஊர். எங்கள் பக்கத்து பீட், சந்தன மரம், இரண்டாம் முறை குற்றவாளி. நான் எழுதாத பெயரை வேறொருவர் எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து. பெயர் இடத்துக்குள் நெருக்கடியில்லாமல் உட்கார்ந்திருந்தது.